வால்வு ஆம்ப்ல ஹம் போகணும்னா பி பிளஸ்ஸை படிப்படியா வடிகட்டுங்க

புதுசா வால்வு ஆம்ப் கட்டுறவங்க முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்துலதான் மாட்டிக்கிறாங்க. பாட்டு வருது, வால்வு அழகா எரியுது, ஆனா வால்யூமை ஜீரோல வச்சாலும் ஸ்பீக்கர்ல "ம்ம்ம்ம்"னு ஒரு சத்தம் நிக்குது, அதுதான் ஹம். கடைக்குப் போய் இன்னும் பெரிய கப்பாசிட்டரா வாங்கிட்டு வந்து மாட்டுறாங்க, கொஞ்சம் குறையுது, போகலை, அப்புறம் இன்னும் பெருசு. இந்த வழியில போனா காசும் போகும், டிரான்ஸ்பார்மரும் சூடாகும். ஒரே பெரிய கப்பாசிட்டரை நம்பாம, பி பிளஸ்ஸை, அதாவது வால்வுக்குப் போற ஹை வோல்டேஜ் டிசி சப்ளையை, சின்ன சின்ன படியா வடிகட்டிக்கிட்டே போகணும், எந்தப் படியிலேர்ந்து எந்த இடத்துக்கு சப்ளை எடுக்கிறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. அதை ஒரு நிஜ உதாரணத்தோட எழுதுறேன்.

உதாரணத்துக்கு ஈஎல்84 (ஸ்பீக்கரை ஓட்டுற வால்வு) ரெண்டு, ஈசிசி83 (அதுக்கு முன்னாடி சிக்னலைப் பெருக்குற வால்வு) ஒண்ணு போட்ட சிங்கிள் எண்டட் (சேனலுக்கு ஒரே அவுட்புட் வால்வு) ஸ்டீரியோ ஆம்ப் எடுத்துக்குவோம். புதுசா கட்டுறவங்களுக்கு இதைவிட நல்ல செட் இல்லைன்னு நினைக்கிறேன். பவர் டிரான்ஸ்பார்மர் 250-0-250 வோல்ட், 150 மில்லிஆம்ப். ப்ளேட், ஸ்கிரீன் ரெண்டும் வால்வுக்குள்ள பி பிளஸ் போய்ச் சேர்ற முனைகள், ஒரு ஈஎல்84 ப்ளேட்டுல 48 மில்லிஆம்ப், ஸ்கிரீன்ல ஒரு அஞ்சரை மில்லிஆம்ப் இழுக்கும், ரெண்டுக்கும் சேத்து 107, ஈசிசி83க்கு ஒரு 2, ஆக 110 மில்லிஆம்ப்னு வச்சுக்கலாம். பின்னாடி வர்ற எல்லா கணக்கும் இந்த 110ஐ வச்சுத்தான்.

வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உயிர் விஷயம். பி பிளஸ்னு சொல்றது வால்வோட ப்ளேட்டுக்குப் போற 300 வோல்ட் டிசி, அது விளையாட்டு இல்லை. நாம போடப்போற கப்பாசிட்டர் எல்லாம் சேந்தா 338 மைக்ரோபேரட் வருது, 300 வோல்ட்ல அதுல சுமார் 15 ஜூல் நிக்கும், ப்ளக்கைப் பிடுங்கின அப்புறமும் நிக்கும், அதுதான் ஆபத்து. அதனால முதல்ல வாங்க வேண்டிய பார்ட் 100 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு. இதுக்குப் பேரு ப்ளீடர். பி பிளஸ்லேர்ந்து கிரவுண்டுக்கு எப்பவும் போட்டே வச்சிருக்கணும். ஆஃப் பண்ணினதும் சுமார் ஒரு நிமிஷத்துல 50 வோல்ட்டுக்குக் கீழ இறக்கிடும். வால்வைக் கழட்டி வச்சிட்டு டெஸ்ட் பண்றப்போ கரண்டை இழுக்க வேற ஆளே இல்லை, அப்போ இந்த ப்ளீடர்தான் உங்களைக் காப்பாத்தும். ஆனாலும் அதை மட்டும் நம்பி கை வைக்காதீங்க, அது கழண்டு கிடந்தா உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் மீட்டர் வச்சு வோல்டேஜ் பாத்துட்டுத்தான் தொடணும். ஸ்க்ரூடிரைவரை வச்சு ஷார்ட் பண்ற பழக்கம் வேண்டவே வேண்டாம், 1 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டர்ல இன்சுலேட்டட் க்ளிப் ரெண்டு சால்டர் பண்ணி ஒரு டிஸ்சார்ஜ் வயர் செஞ்சு வச்சுக்குங்க. டிஸ்சார்ஜ் பண்ணி க்ளிப்பை எடுத்த பிறகும் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்ல சில வோல்ட் தானா திரும்ப ஏறும், அதனால வேலை செய்யிறப்போ அந்தக் க்ளிப் மாட்டியே இருக்கட்டும், திரும்ப ஆன் பண்ணும்போது ஞாபகமா எடுத்துடுங்க. பவர் இருக்கிறப்போ அளக்க வேண்டியிருந்தா ஒரு கை மட்டும், இன்னொரு கை முதுகுக்குப் பின்னாடி. சேசிஸ் எர்த் ஆகியிருக்கணும், எர்த் பின் இல்லாத ப்ளக்ல இந்த வேலையே கூடாது.

இப்ப ஹம் எங்கேர்ந்து வருதுன்னு பாப்போம். நம்ம மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். டயோடு ரெண்டு போட்டு ஃபுல் வேவ்வா ரெக்டிஃபை பண்ணினா, அதாவது ஏசியோட ரெண்டு பாதியையும் டிசியா மாத்தினா, ஒரு செகண்டுக்கு 100 தடவை கப்பாசிட்டர் நிரம்பும், நடுவுல ஆம்ப் அதைக் காலி பண்ணிக்கிட்டே இருக்கும். தெருவுல அடிபம்புல அடிச்சு தொட்டியை நிரப்புற மாதிரிதான், ஒவ்வொரு அடிக்கும் தண்ணி மட்டம் எகிறும், அடுத்த அடிக்குள்ள இறங்கும். அந்த ஏத்த இறக்கம்தான் ரிப்பிள். எவ்வளவு இருக்கும்னு கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம், ஆம்பியர்ல இருக்கிற கரண்டை 100ஆல வகுத்து, அதைத் திரும்ப பேரட்ல இருக்கிற கப்பாசிட்டன்ஸால வகுக்கணும். 0.11 ஆம்பியர், 47 மைக்ரோபேரட்னா சுமார் 23 வோல்ட், மேல் உச்சியிலேர்ந்து கீழ் பள்ளம் வரைக்கும். நிஜத்துல இதைவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் வரும், ஆனா டிசைனுக்கு இந்த எண்ணே போதும்.

23 வோல்ட்டான்னு பயந்து முதல் கப்பாசிட்டரை 470 ஆக்கினா 2.3 வோல்ட் ஆயிடுமேன்னு தோணும். நானும் என் முதல் ஆம்ப்ல அதைத்தான் செஞ்சேன். மீட்டர்ல ரிப்பிள் குறைஞ்சது, ஆனா ஸ்பீக்கர்ல இருந்த மெதுவான ஹம் போய் அதுக்குப் பதிலா "ஸ்ஸ்ர்ர்"னு கூர்மையான ஒரு இரைச்சல் வந்துச்சு, டிரான்ஸ்பார்மர் அரை மணி நேரத்துல கை வைக்க முடியாத சூடு. ரெண்டு நாள் மண்டையை உடைச்சப்புறம்தான் காரணம் புரிஞ்சது. கப்பாசிட்டர் பெருசாக ஆக, டயோடு கண்டக்ட் பண்ற நேரம் சுருங்கிடும், அதே அளவு கரண்டை இன்னும் சின்ன நேரத்துக்குள்ள தள்ளணும், அதனால ஒவ்வொரு அடியும் ஆம்பியர் கணக்குல கூர்மையா வரும். அந்த அடி வைண்டிங்கை சூடாக்கும், போற கிரவுண்ட் வயர்ல எல்லாம் இந்த இரைச்சலை ஏத்தும். என் வயரிங்ல ஈசிசி83யோட கிரவுண்டும் அந்த முதல் கப்பாசிட்டரோட நெகட்டிவ்லதான் பத்த வச்சிருந்தேன், அதான் அப்படி.

ரெக்டிஃபையர் வால்வு போடறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஈசெட்81க்கு முதல் கப்பாசிட்டர் அதிகபட்சம் 50 மைக்ரோபேரட்தான், ஜிசெட்34க்கு 60. அதைத் தாண்டினா வால்வுக்குள்ள பொறி பறக்கும், வால்வு போச்சு. நாம சிலிக்கான் டயோடு போட்டாலும் 47லயே நிறுத்திக்கலாம். டயோடு 1என்4007 போதும், யூஎஃப்4007 கிடைச்சா இன்னும் நல்லது, ஆஃப் ஆகுறப்போ வர்ற சுள்ளுங்கற சத்தம் குறையும். 250-0-250க்கு டயோடு மேல வர்ற ரிவர்ஸ் வோல்டேஜ் 707 வோல்ட், 1000 வோல்ட் டயோடு தாங்கும். 350-0-350 டிரான்ஸ்பார்மர்னா 990 ஆயிடும், அங்க ஒவ்வொரு பக்கமும் ரெண்டு டயோடு சீரிஸ்ல போடுங்க.

கப்பாசிட்டரோட வோல்டேஜ் ரேட்டிங்ல கஞ்சத்தனம் கூடாது. 250ஐ 1.414ஆல பெருக்கினா 353, அதுக்கு 400 வோல்ட் கப்பாசிட்டர் போதுமேன்னு தோணும். ஆனா ஆன் பண்ணின உடனே வால்வு இன்னும் சூடாகலை, கரண்ட் இழுக்க யாரும் இல்லை, லோடு இல்லாத டிரான்ஸ்பார்மர் எழுதியிருக்கிறதைவிட ஒரு பத்து சதவீதம் வரை ஜாஸ்தி குடுக்கும். அதோட ராத்திரி 11 மணிக்கு மேல ஊர்ல லோடு குறைஞ்சு மெயின்ஸ் 250க்கு ஏறிச்சுன்னா பி பிளஸ் 400ஐ தாண்டிடும். 450 வோல்ட், 105 டிகிரி, இதுக்குக் கீழ வாங்காதீங்க. பழைய ரேடியோ செட்டுலேர்ந்து பிடுங்கின கப்பாசிட்டரை இந்த வேலைக்குப் போடாதீங்க, உள்ள காஞ்சு போயிருக்கும்.

சரி, படிக்கு வருவோம். லோடோட 47 மைக்ரோபேரட் மேல சுமார் 320 வோல்ட் டிசி நிக்கும். நமக்கு ஈஎல்84 ப்ளேட் சப்ளைக்குத் தேவை 280 பக்கம்தான். அதாவது 40 வோல்ட் எப்படியும் குறைக்கணும், அந்தக் குறைப்பை வச்சே வடிகட்டிக்கலாம். 47க்கு அடுத்து 330 ஓம் ரெசிஸ்டர், 10 வாட் வயர்வவுண்ட். 110 மில்லிஆம்புக்கு 36 வோல்ட் விழும், 4 வாட் சூடாகும், அதான் 10 வாட். அதை கப்பாசிட்டரை ஒட்டி வைக்காம கொஞ்சம் தூக்கி வைங்க. அதுக்கு அப்புறம் 100 மைக்ரோபேரட். இந்த கப்பாசிட்டர் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளுக்குக் காட்டுற எதிர்ப்பு வெறும் 16 ஓம், அதனால 330ஐ 16ஆல வகுத்தா 20, ரிப்பிள் 20 மடங்கு குறையும். 23 வோல்ட் 1.1 வோல்ட் ஆயிடுச்சு.

அடுத்த படி சோக்கு, அதாவது இரும்புக் கோர்ல சுத்தின காயில். சோக்கோட குணமே தனி, டிசிக்கு சும்மா ஒரு வயர் மாதிரி இருக்கும், ரிப்பிளுக்கு மலை மாதிரி நிக்கும். 10 ஹென்றி சோக்கு 100 ஹெர்ட்ஸ்ல 6280 ஓம். அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் போட்டா 110 மில்லிஆம்புக்கு 690 வோல்ட் விழும், நம்மகிட்ட அவ்வளவு வோல்டேஜே இல்லை. சோக்கு அதே வேலையை 20 வோல்ட் நஷ்டத்துல முடிச்சுடும். டிரான்ஸ்பார்மர் வைண்டிங் பண்றவங்ககிட்ட "10 ஹென்றி, 150 மில்லிஆம்ப், ஏர் கேப் விட்டு"ன்னு சொன்னா சுத்திக் குடுப்பாங்க. ஏர் கேப்னு சொல்ல மறக்காதீங்க, இல்லேன்னா டிசி போனதும் கோர் சாச்சுரேட் ஆகி சோக்கு வெறும் கம்பியாயிடும்.

அது கிடைக்கலையா, வீட்டுப் பரண்ல பாருங்க. பழைய 40 வாட் டியூப்லைட்டோட இரும்பு சோக்கு இருக்குல்ல, கனமா இருக்குமே, அதுதான். எலக்ட்ரானிக் சோக்கு ஆகாது. அந்த இரும்பு சோக்கு சுமார் 1.2 ஹென்றி இருக்கும், 0.4 ஆம்பியருக்கு மேல தாங்குறது, உள்ள கேப்பும் இருக்கு, டிசி ரெசிஸ்டன்ஸ் 40 ஓம் பக்கம். 1.2 ஹென்றிதானேன்னு நினைக்காதீங்க. 100 ஹெர்ட்ஸ்ல 750 ஓம், பின்னாடி 100 மைக்ரோபேரட் வச்சா 46 மடங்கு குறைக்கும், விழற வோல்டேஜ் 4 வோல்ட் சொச்சம்தான். 1.1 வோல்ட் ரிப்பிள் இப்ப 24 மில்லிவோல்ட். 47 மைக்ரோபேரட்டுக்கு அப்புறம் 10 ஹென்றி சோக்கு ஒண்ணும் 100 மைக்ரோபேரட் ஒண்ணும் மட்டும் வச்சிருந்தா 59 மில்லிவோல்ட் வந்திருக்கும். பரண்ல கிடந்த சோக்கும் ஒரு ரெசிஸ்டரும் ரெண்டு படியா சேந்து அதைத் தோக்கடிச்சுடுச்சு! படிகள் ஒண்ணை ஒண்ணு பெருக்கும், அதனாலதான் இவ்வளவு வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கை. டியூப்லைட் சோக்கை மாட்டுறதுக்கு முன்னாடி அதோட வைண்டிங்குக்கும் வெளி இரும்புக்கும் நடுவுல 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்டர்) வச்சு லீக்கேஜ் பாத்துடுங்க. மெக்கர் எலக்ட்ரீஷியன் யார்கிட்டயாவது இருக்கும். லீக் இருந்தா தூக்கிப் போடுங்க. நல்லா இருந்தா சோக்கோட பாடியை சேசிஸோட நட்டு போட்டு எர்த் பண்ணிடுங்க.

இப்ப எந்தப் படியிலேர்ந்து யாருக்கு சப்ளை. சோக்குக்கு அப்புறம் இருக்கிற 24 மில்லிவோல்ட் இடத்துலேர்ந்து அவுட்புட் டிரான்ஸ்பார்மர் (வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கிறது) வழியா ப்ளேட்டுக்கு. ஈஎல்84 பென்டோடா வேலை செய்யிறப்போ ப்ளேட் ரெசிஸ்டன்ஸ் 38 கிலோஓம், நம்ம அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பிரைமரி 5 கிலோஓம் பக்கம், அதனால சப்ளை ரிப்பிள்ல சுமார் எட்டுல ஒரு பங்குதான் பிரைமரி மேல விழும், அதாவது 3 மில்லிவோல்ட், டிரான்ஸ்பார்மர் அதை 25ஆல வகுத்து ஸ்பீக்கருக்குக் குடுக்கும். 0.12 மில்லிவோல்ட், காதை ஒட்ட வச்சாலும் கேக்காது. ஆனா ஸ்கிரீன் அப்படி இல்லை. ஸ்கிரீன்ல வர்ற ரிப்பிளை வால்வு பெருக்கி விட்டுடும், கணக்குப் போட்டா ப்ளேட் பக்கம் வர்றதைவிட சுமார் 20 மடங்கு பாதிப்பு. நிறைய பேர் ப்ளேட் சப்ளையை மாஞ்சு மாஞ்சு வடிகட்டிட்டு ஸ்கிரீனை கண்டுக்காம விட்டுடுறாங்க, ஹம் அங்கேர்ந்துதான் வருது. அதனால அதே 24 மில்லிவோல்ட் இடத்துலேர்ந்து ஒவ்வொரு ஈஎல்84 ஸ்கிரீனுக்கும் தனித்தனியா 1 கிலோஓம் 1 வாட் ரெசிஸ்டர், 22 மைக்ரோபேரட் 450 வோல்ட். விழறது அஞ்சரை வோல்ட், குறையிறது 14 மடங்கு.

ஈசிசி83க்கு கடைசிப் படி, அங்க வர்ற துளி ரிப்பிளும் பின்னாடி உள்ள ஸ்டேஜ்ல பெருகி வரும், அதனால சுத்தமா இருக்கணும். இதுக்கும் அதே இடத்துலேர்ந்து 10 கிலோஓம் 1 வாட், 47 மைக்ரோபேரட். 2 மில்லிஆம்ப்தான் போகுது, 20 வோல்ட் விழும், ரிப்பிள் கிட்டத்தட்ட 300 மடங்கு இறங்கிடும். வால்வு இழுக்கிற கரண்டை நிர்ணயிக்கிற கேத்தோடு ரெசிஸ்டர் ஈஎல்84க்கு 135 ஓம்னு போட்டிருப்பாங்க, நம்ம வோல்டேஜ் கொஞ்சம் மேல நிக்கிறதால 150 ஓம் 3 வாட் போடுங்க, 12 வாட்டுங்கிற ப்ளேட் லிமிட்டைத் தாண்டாம இருக்கும். புஷ் புல் ஆம்ப் (ரெண்டு அவுட்புட் வால்வு எதிரெதிரா வேலை செய்யிறது) கட்டுறவங்களுக்கு ப்ளேட் சப்ளை இவ்வளவு சுத்தமா வேண்டாம், ரெண்டு பக்கமும் ஒரே ரிப்பிள் வந்து டிரான்ஸ்பார்மர்ல அடிபட்டுப் போயிடும், ஸ்கிரீனும் முன்னாடி ஸ்டேஜும் சுத்தமா இருந்தா போதும்.

கிரவுண்ட் வயரிங். டிரான்ஸ்பார்மர் சென்டர் டேப் வயர் நேரா முதல் 47ஓட நெகட்டிவ் காலுக்கு வரணும், நடுவுல 250 மில்லிஆம்ப் ஸ்லோ ஃப்யூஸ் ஒண்ணு. அந்தக் கால்ல வேற ஒண்ணையும் பத்த வைக்காதீங்க. அங்கேர்ந்து ஒரே ஒரு தடி வயர் ரெண்டாவது கப்பாசிட்டர் நெகட்டிவுக்கு, அங்கேர்ந்து மூணாவதுக்கு, அப்படியே ஈசிசி83யோட கப்பாசிட்டர் வரைக்கும். ஒவ்வொரு வால்வோட கிரவுண்டும் அதுக்கு சப்ளை குடுக்கிற கப்பாசிட்டரோட நெகட்டிவ்லதான் சேரணும். சேசிஸை இந்த லைன்ல ஒரே இடத்துல, இன்புட் சாக்கெட் பக்கம் தொட வைங்க.

சோக்கையும் டிரான்ஸ்பார்மரையும் எங்க வைக்கிறதுங்கறதுக்கு ஒரு அருமையான வழி இருக்கு. சேசிஸ்ல ஓட்டை போடறதுக்கு முன்னாடி செய்யணும். எந்த வயரும் இல்லாத அவுட்புட் டிரான்ஸ்பார்மரோட ஸ்பீக்கர் பக்க வயர்ல ஒரு ஹெட்போனை மாட்டுங்க. பவர் டிரான்ஸ்பார்மரோட பிரைமரிக்கு மட்டும் மெயின்ஸ் குடுங்க, ஃப்யூஸோட, செகண்டரி முனை எல்லாத்துக்கும் தனித்தனியா டேப் சுத்தி, கை படாத இடத்துல. அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மேஜை மேல மெதுவாத் திருப்பிக்கிட்டே கேளுங்க. சத்தம் ஏறும், இறங்கும், ஒரு கோணத்துல சட்டுனு காணாமப் போயிடும். பென்சில்ல கோடு போட்டுட்டு அந்த இடத்துலயே ஓட்டை போடுங்க. இந்த வழியா வர்ற ஹம்முக்கு எத்தனை கப்பாசிட்டர் போட்டாலும் மருந்து கிடையாது.

முதல் தடவை ஆன் பண்றப்போ சீரிஸ் லேம்ப் போர்டுல (மெயின்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவுல சீரிஸ்ல பல்பு வர்ற போர்டு) 60 வாட் குண்டு பல்பு போட்டு ஆன் பண்ணுங்க. பளிச்சுனு எரிஞ்சு மங்கினா சரி, மங்காம எரிஞ்சா எங்கயோ ஷார்ட், இல்லேன்னா ஒரு எலக்ட்ரோலிடிக்கை பிளஸ் மைனஸ் மாத்திப் போட்டிருக்கீங்க, உடனே ஆஃப். எல்லாம் சரின்னா பல்பை எடுத்துட்டு ஒவ்வொரு படியிலயும் டிசி அளங்க, 320, 284, 280, ஈசிசி83க்கு 260, பத்து பதினைஞ்சு வோல்ட் முன்னப்பின்ன இருந்தா பரவாயில்லை. ரிப்பிள் அளக்க மீட்டரை ஏசியில வச்சு நேரா குத்தாதீங்க, மலிவு மீட்டர் டிசியையும் சேத்து கண்டபடி காட்டும். 0.1 மைக்ரோபேரட் 630 வோல்ட் கப்பாசிட்டர் ஒண்ணை சீரிஸ்ல வச்சு அளங்க, க்ளிப் மாட்டுறது ஆஃப்ல இருக்கும்போது.

அப்புறமும் சத்தம் இருந்தா ஆஃப் பண்ணி ஈசிசி83யைக் கழட்டிட்டு திரும்ப ஆன் பண்ணிப் பாருங்க. கழட்டினதும் போயிடுச்சுன்னா பிரச்சினை முன்னாடி ஸ்டேஜ்ல, போகலைன்னா ஸ்கிரீன் அல்லது பி பிளஸ் பக்கம். சத்தத்தோட சுருதியும் சொல்லும், 100 ஹெர்ட்ஸ்னா ரிப்பிள், கிடார்ல ரெண்டாவது தடிக் கம்பியை மீட்டினா வர்ற 110 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழ. அதைவிட ஒரு ஸ்தாயி கீழ, வயித்துல உறுமுற மாதிரி 50 ஹெர்ட்ஸ் கேட்டா அது ஹீட்டர் வயர் அல்லது கிரவுண்ட் லூப், பி பிளஸ்ஸைத் தொடாதீங்க, ஹீட்டர் வயர் ரெண்டையும் நல்லா முறுக்கி சேசிஸ் மூலையோரமா கொண்டு போங்க.

ராத்திரி ஃபேனை நிறுத்திட்டு ஸ்பீக்கர் மேல காதை வச்சுக் கேட்டுப் பாருங்க, சரியா கட்டியிருந்தா வால்வோட லேசான "ஸ்ஸ்" மட்டும்தான் இருக்கும். அப்ப அளந்த வோல்டேஜ் எல்லாத்தையும் தேதியோட ஒரு பேப்பர்ல எழுதி அடி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க, அஞ்சு வருஷம் கழிச்சு ஹம் திரும்ப எட்டிப் பாத்தா எந்தக் கப்பாசிட்டர் போச்சுன்னு அந்த பேப்பரை வச்சே கண்டுபிடிச்சுடலாம்.